ஈயக் குழாயை மாற்றிக் கொடுத்த நகரம்: பில் யாருக்கு வந்தது?

மிச்சிகன் மாநிலத்தில் நாங்கள் குடியிருக்கும் சிறு நகரத்தின் குடிநீர்த் துறை, சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு வரும் ஈயக் குழாயை அகற்றிவிட்டுத் தாமிரக் குழாய் போட்டுக் கொடுத்தது. எங்களிடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை. அமெரிக்காவின் பழைய தொழிற்சாலை ஊர்களில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும், உங்கள் வீட்டுக் குழாய் ஈயம் என்று எங்களுக்கு வந்ததைப் போன்ற கடிதம் இனி வரப்போகிறது என்பதால், அந்தச் சேவை எப்படி இருந்தது, அதற்கான பணம் எந்த வழியில் வந்தது, எங்கே குறை வைத்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அதில் பெரும்பகுதி, பணத்தை ஏற்பாடு செய்த விதத்துக்கு உரியது. குழி தோண்டியதிலும் குழாய் போட்டதிலும் இருந்த திறமை அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கடிதம் வந்த வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் செய்தியைச் சொன்னபோது, "ஏம்ப்பா, ஈயச் சொம்புல காலங்காலமா ரசம் வெச்சுக் குடிக்கிறோமே, நமக்கு என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டார். நம் வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவதும் வெள்ளீயம்தான். இங்கே மண்ணுக்கடியில் கிடப்பதோ காரீயம். பெயரில் உறவு இருந்தாலும் இரண்டும் முற்றிலும் வேறான உலோகங்கள். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். இந்த அளவு வரை குடித்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய வரம்பு அதற்குக் கிடையாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் ஈயத்துக்கு வைத்திருக்கும் இலக்கே பூஜ்யம்தான். எங்கள் மகள் அப்போது எட்டு மாதக் குழந்தை. பால் பவுடரைக் குழாய்த் தண்ணீரில்தான் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதத்தைப் படித்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

தெருவின் அடியில் ஓடும் பிரதானக் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் பிரியும் விரல் தடிமனுள்ள இணைப்புக் குழாயைத்தான் அந்தக் காலத்தில் ஈயத்தில் போட்டார்கள். வளைக்க எளிது, மண் அசைந்தாலும் உடையாது என்பது காரணம். 1986-இல் நாடு முழுவதும் புதிதாக ஈயக் குழாய் போடுவது தடை செய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே புதைத்ததை எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதன் விளைவாக, 2023-இல் முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படியே நாட்டில் ஏறத்தாழ 92 லட்சம் ஈய இணைப்புகள் மிஞ்சியிருந்தன.

எங்கள் வீடு 1920-களில் கட்டியது. கடிதத்தில் சொன்னபடி நிலவறைக்குப் போய், சுவரைத் துளைத்துக்கொண்டு மீட்டருக்கு வரும் குழாயைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். காந்தம் ஒட்டவில்லை, ஒட்டியிருந்தால் அது துத்தநாகம் பூசிய இரும்பு. ஒரு நாணயத்தின் விளிம்பால் லேசாகச் சுரண்டியதும் மங்கிய சாம்பல் நிறம் விலகி, வெள்ளிபோல் பளபளத்தது. தாமிரமாக இருந்தால் செம்பு நிறம் தெரிந்திருக்கும். மீட்டருக்குச் சற்று முன்னால், குழாய் வெங்காயம்போல் உருண்டு புடைத்திருந்தது. ஈயக் குழாயை உருக்கி இணைத்த பழைய கைவேலையின் அடையாளம் அது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் புட்டிகள் வந்தன.

பரிசோதனை முறையைப் பாராட்டியே ஆக வேண்டும். இரவு முழுவதும், குறைந்தது ஆறு மணி நேரம், வீட்டில் தண்ணீரையே தொடாமல் இருந்துவிட்டுக் காலையில் வரிசையாக ஐந்து லிட்டர் பிடிக்கச் சொன்னார்கள். அவர்கள் பரிசோதிப்பது முதல் லிட்டரையும் ஐந்தாவது லிட்டரையும். முதல் லிட்டர் சமையலறைக் குழாயிலும் அதன் அருகிலும் தேங்கிய நீர். ஐந்தாவது, மண்ணுக்கடியில் ஈயக் குழாய்க்குள்ளேயே இரவெல்லாம் கிடந்த நீர். முதல் லிட்டரை மட்டும் பார்க்கும் ஊர்களில் பாதி உண்மைதான் தெரியும். எங்கள் வீட்டில் முதல் லிட்டரில் நூறு கோடிப் பங்குக்கு 3 பங்கு ஈயம் இருந்தது; ஐந்தாவதில் 14. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதைக்கிறது, ஏனென்றால் நாங்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துதான் குழந்தைக்குக் கொடுத்தோம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் ஈயத்தின் செறிவு கூடத்தான் செய்யும். நம் வீடுகளில் தண்ணீர் பற்றிய எல்லாக் கவலைக்கும் அடுப்பில் ஏற்றுவதே மருந்து என்ற பழக்கம் இருப்பதால், இந்த ஒரு செய்தியை எத்தனை முறை சொன்னாலும் தகும். சுடுநீர்க் குழாயில் வரும் தண்ணீரைச் சமையலுக்குப் பிடிக்கவும் கூடாது. சூட்டில் ஈயம் அதிகமாகக் கரையும்.

இனி பணத்துக்கு வருகிறேன். இந்தச் சேவையில் எது நல்லது, எது கெட்டது என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

ஒரு வீட்டின் இணைப்பை மாற்றச் சராசரியாக 4,700 டாலர் ஆகும் என்று முகமை கணக்கிட்டிருக்கிறது. நிலத்தையும் தூரத்தையும் பொறுத்து அது 10,000 டாலரைத் தாண்டவும் செய்யும். பெரும்பாலான ஊர்களில் இந்தக் குழாய்க்கு இரண்டு உரிமையாளர்கள். பிரதானக் குழாயிலிருந்து நடைபாதை ஓரத்து வால்வு வரை நகரத்துடையது. அங்கிருந்து மீட்டர் வரை வீட்டுக்காரருடையது. "உங்கள் பகுதியை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், எங்கள் பகுதியை நாங்கள் மாற்றுகிறோம்" என்று பல ஊர்கள் நீண்டகாலம் சொல்லிவந்தன. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு மிகப் பெரிய கேட்டை விளைவித்தது. பாதிக் குழாயை மட்டும் வெட்டி மாற்றும்போது, மிச்சமிருக்கும் ஈயப் பகுதி அதிர்ந்து, அதன் உட்சுவரில் படிந்த பொருக்கு உதிர்ந்து தண்ணீரில் கலக்கிறது. புதுத் தாமிரமும் பழைய ஈயமும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. மாற்றாமல் விட்டிருந்தால் இருந்ததைவிடச் சில மாதங்களுக்கு ஈயம் கூடுதலாக வரும். தன் பங்குக்கான டாலர்களைக் கையில் வைத்திருந்த குடும்பம் தப்பித்தது; இல்லாத குடும்பம், பொதுப்பணத்தில் செய்த வேலையாலேயே கூடுதல் ஈயத்தைக் குடித்தது. வாஷிங்டன் நகரில் பத்தாண்டுகளுக்கு இப்படி நடந்த திட்டத்தை ஆராய்ந்தபோது, முழு மாற்றம் நடந்த வீடுகள் வசதியான பகுதிகளில்தான் அதிகம் என்பது தெரியவந்தது.

இந்தச் சிக்கலை முன்பே அவிழ்த்த ஊர்கள் உண்டு. விஸ்கான்சினில் மேடிசன் நகரம் 2001-இல் தொடங்கிப் பத்தாண்டு காலத்தில் ஏறத்தாழ 8,000 இணைப்புகளை முழுமையாக மாற்றியது. குடிநீர்த் துறைக்கு ஆன செலவு 1 கோடியே 55 லட்சம் டாலர். வீட்டுக்காரர்கள் தங்கள் பகுதியை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்ட நகரம், அவர்கள் செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, திருப்பித் தந்தது. தண்ணீர்க் கட்டணத்தில் வரும் பணத்தைத் தனியார் நிலத்தில் செலவிடக் கூடாது என்று மாநில ஆணையம் மறுத்துவிட்டதால், தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களின் உச்சியில் கைபேசி நிறுவனங்கள் ஆண்டெனா வைக்க இடம் கொடுத்து, அந்த வாடகையை இதற்குத் திருப்பினார்கள். இத்தனை ஊர்களைப் பற்றிப் படித்ததில் என் மனத்தை மிகவும் கவர்ந்த ஏற்பாடு அதுதான். தெருவிலிருந்து மீட்டர் வரை முழுக் குழாயையும் குடிநீர் வாரியமே சொந்தமாக வைத்திருந்த, எங்கள் மாநிலத் தலைநகரான லான்சிங்கில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. 2004 முதல் 2016 வரை 12,150 இணைப்புகளை 4 கோடியே 45 லட்சம் டாலரில் முடித்துவிட்டார்கள். தெருவோரத்தில் ஒரு குழி, வீட்டோரத்தில் ஒரு குழி மட்டும் தோண்டிப் பழைய குழாயை இழுத்தெடுக்கும்போதே அதன் வாலில் புதுக் குழாயைக் கட்டி உள்ளே கொண்டுவரும் முறையை அங்கே செம்மைப்படுத்தினார்கள். அதனால் நேரமும் செலவும் ஏறக்குறையப் பாதியாகின.

நியூஜெர்சியின் நியூவர்க் சிறு ஊர் அல்ல. ஆனாலும் அங்கே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. வீட்டுக்காரர்கள் 1,000 டாலர் வரை தர வேண்டும் என்றும், வேலை முடியப் பத்தாண்டு வரை ஆகலாம் என்றும் முதலில் திட்டமிருந்தது. 2019-இல், நியூவர்க் அடங்கிய மாவட்டமான எஸ்ஸெக்ஸ் கவுண்டி தன் நிதி நம்பகத்தை முன்வைத்து 12 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வீட்டுக்காரர்களின் பங்கு பூஜ்யமாயிற்று. நில உரிமையாளரின் அனுமதி கிடைக்காவிட்டாலும் நகரம் உள்ளே போய் மாற்றலாம் என்று உள்ளூர்ச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்குள் 23,000 இணைப்புகள் மாறின.

எங்கள் மாநிலத்தின் கதை வேதனையானது. 2014 ஏப்ரலில் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைப்பதற்காக ஆற்று நீருக்கு மாறியபோது, குழாயின் உட்சுவரைக் காக்கும் பாஸ்பேட் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயம் கரைந்து குழந்தைகளின் இரத்தம் வரை போயிற்று. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் மிச்சிகனின் 2018 விதி: 2021 முதல் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து விழுக்காடு வீதம் இருபது ஆண்டுகளில் எல்லா ஈய இணைப்பும் போக வேண்டும், முழுக் குழாயையும் மாற்ற வேண்டும், தனியார் பகுதியின் செலவையும் குடிநீர்த் துறையே ஏற்க வேண்டும். நடுவண் அரசின் முகமை 2024 அக்டோபரில் வெளியிட்ட புதிய விதியும், 2027-இல் தொடங்கிப் பத்தாண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. ஆனால் யார் பணம் தர வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது, பணம் யார் தருவது என்ற இந்தச் செய்தியைத்தான்.

விதி போட்டால் மட்டும் பணம் வந்துவிடாது. தொழிற்சாலைகள் மூடி, மக்கள்தொகை பாதியாகி, பழைய குழாய்கள் மட்டும் அப்படியே நிற்கும் சிறு நகரத்தில் குடிநீர்த் துறையின் ஆண்டு வருமானமே சம்பளத்துக்கும் பம்புக்கும் சரியாகிவிடும். ஏறத்தாழ 9,000 பேர் வாழும் பென்டன் ஹார்பர் இதற்குச் சான்று. நடவடிக்கை எடுக்க அரசு வைத்திருந்த அளவை 2018 முதல் தொடர்ந்து ஈயம் மீறியது. 2020-இல் 56 லட்சம் டாலர் நடுவண் மானியம் கிடைத்தும் வேலை நகரவில்லை. 2021 இலையுதிர் காலத்தில் மக்கள் புட்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிறகே மாநிலமும் நடுவண் அரசும் சேர்ந்து முழுச் செலவையும் ஏற்றன. அதன் பின் ஏறத்தாழ 4,500 இணைப்புகளும் சுமார் இரண்டு ஆண்டில் முடிந்தன. பணம் வந்த பின் எடுத்த காலம் இரண்டு ஆண்டு. பணம் வரும் வரை பிள்ளைகள் குடித்தது மூன்று ஆண்டு.

எங்கள் நகரத்துக்குப் பணம் வந்தது குடிநீர்ச் சுழல்நிதி வழியாக. சுழல்நிதி என்ற சொல் நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருந்தவர்களுக்குப் பழக்கமானதுதான். அதே தத்துவம், தொகைதான் பெரிது. நடுவண் அரசு மாநிலத்துக்குக் கொடுக்கும். மாநிலம் ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும். ஊர் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து இருபது, முப்பது ஆண்டுகளில் திருப்பிக் கட்டும். அது அடுத்த ஊருக்குப் போகும். 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் இந்த நிதியில் ஈய இணைப்புகளுக்கென்றே ஐந்தாண்டுக்கு 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 49 விழுக்காடு பின்தங்கிய ஊர்களுக்கு மானியமாகவோ அசல் தள்ளுபடியாகவோ போக வேண்டும். மிச்சம் 51 விழுக்காடு கடன்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "அரசாங்கம் இலவசமாகச் செய்கிறது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது நான் மெல்லத் திருத்தினேன். எங்கள் ஊருக்குக் கிடைத்ததில் ஒரு பகுதி தள்ளுபடி, ஒரு பகுதி கடன். அந்தக் கடனுக்காகத் தண்ணீர்க் கட்டணம் சற்று உயர்ந்தது. எல்லா வீடும் சிறிது சிறிதாகச் சுமக்கும் அந்த உயர்வை நான் மனமார ஏற்கிறேன். ஒரு விதவைத் தாயிடம் ஒரே தடவையில் ஐயாயிரம் டாலர் கேட்பதற்கும், ஊர் முழுவதும் மாதாமாதம் பகிர்ந்துகொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சிறு ஊருக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. விண்ணப்பிக்கவே பொறியாளர் அறிக்கை வேண்டும். எந்த வீட்டில் என்ன குழாய் என்ற பட்டியல் வேண்டும். நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். வேலை முடிந்த பில்லைக் காட்டித்தான் பணத்தைப் பெற வேண்டும். பெரிய நகரத்தில் இதற்கென்று ஓர் அலுவலகமே இருக்கும். எங்கள் ஊரில் தண்ணீர் பில் வாங்கும் அலுவலரும் கண்காணிப்பாளரும்தான் இதையும் பார்த்தார்கள். நகர்மன்றக் கூட்டம் ஒன்றில் அந்தக் கண்காணிப்பாளர், 1930-களின் இணைப்பு அட்டைகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் ஏற்றியதாகச் சொன்னார். பென்சிலில் எழுதிய அந்த அட்டைகள்தான் ஊருக்குப் பணம் வாங்கிக் கொடுத்த ஆவணம்.

வேலை நடந்த விதம்: ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திட்ட ஏழாவது வாரம், புல்வெளியில் சின்னச் சின்னக் கொடிகள் முளைத்தன. நீலம் தண்ணீர், மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் நிலவறையில் மீட்டரைக் கழற்றும் முன், குழாயின் இரண்டு பக்கத்தையும் ஒரு தடித்த கம்பியால் பிணைத்தார். பழைய வீடுகளில் மின்சார எர்த் இந்தக் குழாய் வழியாகத்தான் போகும் என்றும், அதை மறந்தால் ஷாக் அடிக்கும் என்றும் விளக்கினார். பிற்பகல் ஒரு மணிக்கு ஈயக் குழாய், சேறு அப்பிய பாம்புபோல் நெளிந்து வெளியே வந்தது. வெட்டிய துண்டொன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம்தான், அம்மிக் குழவிபோல் கனத்தது. உட்புறத்தில் வெளிர் பழுப்பாக ஒரு மாவு படிந்திருந்தது. அந்த மாவு உதிராமல் இருந்ததை நம்பித்தான் இத்தனை காலம் இந்த வீட்டில் குடித்தனம் நடந்திருக்கிறது.

மாற்றிய உடனே குழாய்களின் முனையில் இருக்கும் சல்லடைகளைக் கழற்றிவிட்டு, நிலவறையில் தொடங்கி மேல்தளம் வரை எல்லாக் குழாயையும் அரை மணி நேரம் முழுவேகத்தில் திறந்துவிடச் சொன்னார்கள். ஈயத்துக்கும் நுண்துகளுக்கும் சான்று பெற்ற வடிகட்டிக் குடம் ஒன்றும், ஆறு மாதத்துக்கான வடிகட்டிகளும் தந்தார்கள். அந்த ஆறு மாதமும் சோறு வடிக்கவும் குழம்புக்கும் குழந்தையின் பாலுக்கும் அந்தக் குடத்து நீரையே பயன்படுத்தினோம். பிறகு நடந்த பரிசோதனையில் ஐந்தாவது லிட்டரில் ஈயம் கண்டறியும் அளவுக்கே இல்லை. அந்தத் தாளை மகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். குழியை மூடிய ஒப்பந்ததாரர் மண்ணைச் சரியாக இறுக்காததால், முதல் மழைக்கே நடைபாதை ஓரம் ஒரு முழம் இறங்கியது. மூன்று முறை தொலைபேசியில் சொன்ன பிறகுதான் வந்து நிரப்பினார்கள். கடிதத்தின் மொழி மிகக் கடினம். "உங்கள் இணைப்பு ஈயம்" என்ற செய்தி இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டும்.

நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது இவற்றுக்காக அல்ல, எதிர் வீட்டுக்காக. அங்கே இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் வாடகைக்கு இருக்கிறார். வீட்டு உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருப்பவர். அனுமதிப் படிவத்துக்குப் பதிலே போடவில்லை. செலவு அவருக்கு ஒன்றுமில்லை, ஒரு கையெழுத்துதான் வேண்டும். பணத் தடையை முழுவதும் நீக்கிவிட்ட எங்கள் நகரம், நியூவர்க் செய்ததுபோல் இந்தக் கையெழுத்துத் தடையையும் சட்டத்தால் நீக்கியிருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் இயந்திரங்கள் எங்கள் தெருவில் நின்ற வாரத்திலேயே அதையும் செய்திருந்தால் செலவு குறைவு; இனி அந்த ஒரு வீட்டுக்காகத் தனியே வர வேண்டும். வடிகட்டிக் குடமும் மாற்றிய வீடுகளுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டதால், எங்களிடம் மிச்சமிருந்த வடிகட்டிகளையும் குடத்தையும் அவரிடம் கொடுத்திருக்கிறோம். உரிமையாளர் முப்பது நாளில் பதில் தராவிட்டால் குடியிருப்பவரின் ஒப்புதலே போதும் என்று விதி கொண்டுவரக் கோரி எங்கள் தெருவில் பதினொரு வீடுகள் கையெழுத்திட்ட மனு, அடுத்த நகர்மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக இருக்கிறது.